விழா முடிந்த மறுநாள் மைதானம் யாருக்கு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் தலைவி என்னைப் பேசக் கூப்பிட்டபோது ஒரு விஷயம் சொன்னார். "நம்ம பக்கம் விளையாட்டு அரங்கம் வரப்போகுதுன்னு சொல்றாங்க மேடம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இருக்கிற புறம்போக்கை அளந்துட்டுப் போயிருக்காங்க. கிராம சபையில நாங்க என்ன கேக்கணும்னு தெரியல. நீங்க கட்டடத் துறையில இருக்கிறவங்க, அதைப் பத்திப் பேசுங்க" என்றார். அதனால் இன்றைக்கு வங்கிக் கடன், சுழல் நிதி எதையும் பற்றிப் பேசப் போவதில்லை. விளையாட்டு அரங்கம் பற்றித்தான் பேசப் போகிறேன்.

"அது ஆம்பளப் பசங்க விஷயம், நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லைங்க. அது பொது இடம், பொதுப் பணம். கட்டி முடித்த பிறகு கூட்டிப் பெருக்குவது, தண்ணீர் விடுவது, பூட்டித் திறப்பது எல்லாம் யார் தலையில் வரும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் கட்டுவதற்கு முன்னாலேயே நாம் பேசியாக வேண்டும்.

ஒரு கறவை மாட்டுக்குக் கடன் கேட்டு ஒரு தங்கச்சி குழுவுக்கு வருகிறாள். நீங்கள் என்ன கேட்பீர்கள்? மாடு என்ன விலை என்று மட்டுமா? தீவனத்துக்கு என்ன வழி, கொட்டகை இருக்கா, பால் எங்கே ஊத்துவே, மாடு வறண்டு நிற்கிற மாசம் தவணை எப்படிக் கட்டுவே, இத்தனையும் கேட்டுத்தான் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவீர்கள். மாடு வாங்குவது ஒரு நாள் செலவு. தீனி போடுவது தினச் செலவு. உங்களுக்குப் பழகிப்போன இந்தக் கணக்கைப் போடாமல், உலகத்தில் பெரிய பெரிய ஊர்களே மாட்டிக்கொண்டிருக்கின்றன.

கனடா நாட்டில் மான்ட்ரியல் என்று ஒரு நகரம். 1976இல் அங்கே ஒலிம்பிக் போட்டி நடந்தது. அந்த ஊர் மேயர் ழான் டிராப்போ, போட்டிக்கு முன்னால் ஒரு பேச்சு பேசினார். ஒலிம்பிக்கில் நஷ்டம் வருவதும் ஆண்பிள்ளை பிரசவிப்பதும் ஒன்றுதான், இரண்டும் நடக்காது என்றார். (சிரிப்பு) நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்த ஊர் மக்கள் அழுதார்கள். போட்டிக்காக வாங்கிய கடன் அடைந்து முடிந்தது 2006இல். இரண்டு வாரப் போட்டிக்கு முப்பது வருஷத் தவணை! சிகரெட், புகையிலைக்குத் தனி வரி போட்டுத்தான் அடைத்தார்கள்.

அங்கே கட்டிய பெரிய அரங்கத்தின் கோபுரமும் கூரையும் போட்டி நடந்தபோது முடியவே இல்லை. 1987இல்தான் முடிந்தது. அந்தத் துணிக் கூரை கிழிந்தது. 1998இல் வேறு கூரை போட்டார்கள், அதுவும் கிழிந்தது. அங்கே நிரந்தரமாக விளையாடிக்கொண்டிருந்த பேஸ்பால் அணியும் 2004இல் ஊரை விட்டுப் போனது. கடனெல்லாம் அடைந்த பிறகு, 2024இல், மறுபடியும் கூரை மாற்ற 87 கோடி கனடா டாலர் ஒதுக்கப் போவதாக அறிவித்தார்கள். மாடு கறவை நின்ற பிறகும் தீனிச் செலவு நிற்கவில்லை.

அடுத்து கிரீஸ் நாட்டின் ஏதென்ஸ். ஒலிம்பிக் பிறந்த நாடே அதுதான். 2004இல் அங்கே போட்டி நடந்தது. பழைய விமான நிலையம் இருந்த எல்லினிகோ என்ற இடத்தில் பேஸ்பால், சாஃப்ட்பால், ஹாக்கி, செயற்கை ஆற்றில் படகுப் போட்டி என்று தனித்தனியாக அரங்கம் கட்டினார்கள். பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் அந்த ஊர்ப் பிள்ளைகள் விளையாடும் விளையாட்டே இல்லை. போட்டி முடிந்தது, பூட்டு போட்டார்கள், புல் முளைத்தது. 2015, 2016இல் போரிலிருந்து தப்பி வந்த அகதிகளைத் தங்க வைக்கத்தான் அங்கிருந்த சில அரங்கங்கள் பயன்பட்டன.

இந்த மாதிரி கட்டடங்களை வெள்ளை யானை என்பார்கள். அழகாக இருக்கும், கட்டித் தீனி போட முடியாது.

அப்படியென்றால் பெரிய அரங்கமே கட்டக் கூடாதா? அப்படி இல்லை. கட்டுகிற விதம் இருக்கிறது. அதற்கு லண்டன் கதையைச் சொல்கிறேன். அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. இரண்டிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

2012இல் லண்டனில் ஒலிம்பிக் நடந்தது. கிழக்கு லண்டனில் ஸ்ட்ராட்போர்டு என்ற பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய தொழிற்சாலைகள், கழிவு ஊறிப்போன மண், பெரும்பாலும் வசதி குறைந்த மக்கள் வாழும் பகுதி. போட்டி நடந்தது இரண்டு வாரம்தான். ஆனால் அதற்கு மூன்று வருஷம் முன்பே, 2009இல், போட்டி முடிந்த பிறகு அந்த இடத்தை என்ன செய்வது என்று பார்ப்பதற்கென்றே தனி அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள்.

அவர்கள் பின்பற்றிய முறையைப் புரிந்துகொள்ள நீங்கள் இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. நம் வீட்டுக் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு ஐந்நூறு பேர் வருகிறார்கள் என்பதற்காக ஐந்நூறு பேர் உட்காருகிற மாதிரி வீடு கட்டுகிறோமா? வீட்டை நம் குடும்பத்துக்குத் தக்கபடி கட்டுகிறோம். கல்யாணத்துக்கு வாசலில் பந்தல் போடுகிறோம். நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு எடுக்கிறோம். மறுநாள் பந்தலைப் பிரித்துவிடுகிறோம். லண்டனில் நல்லபடியாக நின்ற கட்டடங்கள் எல்லாம் இந்தப் பந்தல் கணக்கில் கட்டியவைதான்.

முதலில் நீச்சல் குளம். ஜாஹா ஹதீத் என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. ஈராக்கில் பிறந்தவர், உலகப் புகழ் பெற்றவர். போட்டி நேரத்தில் 17,500 பேர் உட்கார வேண்டும். ஆனால் தினசரி நீச்சலுக்கு அத்தனை இருக்கை எதற்கு? அதனால் 2,500 இருக்கையைக் கட்டடத்துக்குள் வைத்துவிட்டு, மற்றதை இரண்டு பக்கமும் சிறகு மாதிரி தற்காலிகமாகக் கட்டினார்கள். போட்டி முடிந்ததும் சிறகைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடி போட்டு மூடினார்கள். 2014 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நுழைவுக் கட்டணத்தை அக்கம்பக்கத்துச் சாதாரண நீச்சல் குளங்களின் அளவிலேயே வைத்தார்கள். ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்கள் நீந்திய அதே தண்ணீரில் அந்தத் தெருப் பிள்ளைகள் நீச்சல் பழகுகிறார்கள். நகர்த்தக்கூடிய தடுப்பு வைத்துக் குளத்தின் நீளத்தைக் குறைக்கலாம், தரையை மேலே தூக்கி ஆழத்தையும் குறைக்கலாம். சின்னப் பிள்ளைகளும் இறங்கலாம், வயதானவர்களும் இறங்கலாம்.

இரண்டாவது, ஹேண்ட்பால் விளையாட்டுக்காகக் கட்டிய உள்ளரங்கம். வெளியே செப்புத் தகடு போர்த்தியிருப்பதால் செப்புப் பெட்டி என்றே பெயர் வந்துவிட்டது. அதில் இருக்கைகளைச் சுவரோரம் மடக்கித் தள்ளிவிடலாம். தள்ளினால் நடுவில் பெரிய தளம் கிடைக்கும். பூப்பந்து, கூடைப்பந்து, உடற்பயிற்சி, நிகழ்ச்சி எதுவும் நடத்தலாம். கூரையில் குழாய் வைத்துப் பகல் வெளிச்சத்தை உள்ளே இறக்கியிருக்கிறார்கள், பகலில் விளக்குச் செலவு குறைவு. கூரையில் விழும் மழைத் தண்ணீரைப் பிடித்துக் கழிவறைக்கு விடுகிறார்கள். அதைப் போட்டி முடிந்த அடுத்த வருஷமே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

மூன்றாவது, கூடைப்பந்து அரங்கம். 12,000 பேர் உட்காரக்கூடியது. அவ்வளவு பெரிய கூடைப்பந்து அரங்கம் பின்னால் தேவைப்படாது என்று தெரிந்ததால் அதை முழுக்க முழுக்கப் பந்தலாகவே கட்டினார்கள். போட்டி முடிந்ததும் பிரித்துவிட்டார்கள்.

நான்காவது விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். வீரர்கள் தங்கிய குடியிருப்பில் 2,800க்கும் அதிகமான வீடுகள். போட்டி நேரத்தில் அந்த வீடுகளில் அடுப்படியே இல்லை! எல்லோருக்கும் பொதுச் சாப்பாட்டுக்கூடம் இருந்தது. போட்டி முடிந்து, குடும்பங்கள் வருவதற்கு முன்னால்தான் சமையலறை அமைத்தார்கள். பின்னால் யார் குடியிருக்கப் போகிறார்கள் என்று முன்னாலேயே தெரிந்ததால் அதற்கு இடம் விட்டுக் கட்டியிருந்தார்கள். அந்த வீடுகளில் ஏறக்குறைய பாதி, வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகை, விலை வகையைச் சேர்ந்தவை. வீரர்களுக்காக இருந்த மருத்துவமனை, அந்தப் பகுதி மக்களுக்குச் சுகாதார நிலையமாக மாறியது.

இனி லண்டனில் சறுக்கிய இடம். அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கில் வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத மாதிரி ஆகிவிடும்.

ஓட்டப் பந்தயம் நடந்த முக்கிய அரங்கத்தையும் பந்தல் முறையில்தான் கட்டினார்கள். மொத்தம் 80,000 இருக்கை. அதில் 25,000 நிரந்தரம், மேலே இருக்கும் 55,000 இருக்கையைக் கழற்றிவிடலாம். யோசனை நல்ல யோசனைதான். ஆனால், 25,000 பேர் அரங்கமாகச் சுருக்கிய பிறகு அதைத் தினமும் யார் பயன்படுத்துவார்கள், யார் செலவைத் தாங்குவார்கள் என்பது முடிவாகவில்லை. கடைசியில் வெஸ்ட் ஹாம் என்ற கால்பந்துக் குழுவுக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். கால்பந்துக்குச் சின்ன அரங்கம் போதாது, ரசிகர்கள் நனையாமல் இருக்கப் பெரிய கூரை வேண்டும், இருக்கைகள் திடல் பக்கத்தில் வர வேண்டும். எல்லாவற்றையும் மாற்றினார்கள். கட்டியது, மாற்றியது எல்லாம் சேர்த்து 70 கோடி பவுண்டு ஆனது. நம் பணத்துக்கு இன்றைய மதிப்பில் 7,000 கோடி ரூபாய்க்கு மேல். வருஷா வருஷம் ஓட்டப் பந்தயத்துக்காக இருக்கைகளைப் பின்னால் தள்ளவும் மறுபடி முன்னால் கொண்டுவரவும் ஆகிற செலவு, முதலில் போட்ட மதிப்பீட்டைவிடப் பல மடங்கு ஆகிவிட்டது. பெரும்பகுதிச் சுமை பொதுமக்கள் வரிப்பணத்தில் விழுந்தது.

அதே இங்கிலாந்தில் மான்செஸ்டர் என்ற ஊரில் 2002இல் காமன்வெல்த் போட்டி நடந்தது. அங்கே என்ன செய்தார்கள்? போட்டி முடிந்ததும் இந்த அரங்கத்துக்குக் குடிவருவது மான்செஸ்டர் சிட்டி கால்பந்துக் குழு என்று முன்னாலேயே பேசி முடித்துவிட்டார்கள். அதனால், பின்னால் ஓடுபாதையை எடுத்துவிட்டுத் தரையைத் தோண்டி இறக்கி, கீழே இன்னும் ஒரு வரிசைப் படிக்கட்டு சேர்க்கத் தோதாகவே திட்டம் போட்டார்கள். போட்டியில் 38,000 பேர், 2003இல் கால்பந்துக் குழு வந்தபோது ஏறக்குறைய 48,000 பேர். வேலை வீணாகவில்லை. லண்டனில் குடிவருபவர் யாரென்று தெரியாமல் வீட்டைக் கட்டினார்கள். மான்செஸ்டரில் குடிவருபவரைக் கேட்டுக் கட்டினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. லண்டனில் அந்த நிலம் காலியாகக் கிடக்கவில்லை. கிளேஸ் லேன் என்ற இடத்தில், கூட்டுறவு முறையில் குறைந்த வாடகைக்கு 400க்கும் மேற்பட்டவர்கள் குடியிருந்தார்கள். நம்மைப் போலவே ஒன்றுகூடித் தங்கள் குடியிருப்பைத் தாங்களே நிர்வகித்தவர்கள். அந்தக் குடியிருப்பை இடித்தார்கள், ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பக்கத்தில் குடும்பங்கள் பல காலமாகக் காய்கறி பயிரிட்டு வந்த தோட்டங்கள் இருந்தன, அவையும் போயின. புதிய பூங்கா அழகாக இருக்கிறது, பலருக்கும் பயன்படுகிறது. ஆனால் அந்தக் கூட்டுறவு திரும்ப அதே மாதிரி கூடவில்லை. "ஊருக்கு நல்லது" என்று சொல்லும்போது, அந்த ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற புறம்போக்குக்கு வருவோம். லண்டனுக்கும் நம் ஊருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் கேள்விகள் ஒன்றுதான். கிராம சபையில் கேட்பதற்கு ஆறு கேள்விகள் சொல்கிறேன். ஊக்குநர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: இப்போது அந்த இடத்தை யார் பயன்படுத்துகிறார்கள்? அங்கே ஆடு மேய்க்கிற அக்கா இருக்கிறாள். அறுப்புக் காலத்தில் மிளகாய், சோளம் காய வைக்கிறார்கள். அவர்களுக்கு மாற்று இடம் எது என்று எழுத்தில் வர வேண்டும். அவர்களும் நம் குழுக்காரர்கள்தான்.

இரண்டாவது: யார் விளையாடப் போகிறார்கள்? 400 மீட்டர் ஓடுபாதை முழு அளவில் போட்டால் அதற்கு மட்டுமே ஏறக்குறைய நாலு ஏக்கர் வேண்டும். அதற்குப் பராமரிப்பும் அதிகம். ஆனால் ஒரு கைப்பந்துத் திடல், நாம் வாலிபால் என்கிறோமே, அது 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். சுற்றிலும் ஓடியாட இடம் விட்டால்கூட 9 சென்ட் போதும். கபடித் திடலும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஒரு ஏக்கரில் மூன்று நான்கு திடல், சுற்றி நடைபாதை, ஓரத்தில் மரம், பெரியவர்கள் உட்காரத் திண்ணை எல்லாம் அடங்கும். நம் பிள்ளைகள் எதை விளையாடுகிறார்களோ அதற்கு முதலிடம்.

மூன்றாவது: பணம் படிக்கட்டுக்கா, திடலுக்கா? சிமென்ட் கேலரி கட்டினால் பார்க்கப் பெரிதாக இருக்கும், திறப்பு விழாப் படத்தில் அழகாக வரும். ஆனால் அது வருஷத்தில் எத்தனை நாள் நிரம்பும்? போட்டி நடக்கிற நாளில் ஷாமியானா போட்டு நாற்காலி வாடகைக்கு எடுக்க நமக்குத் தெரியாதா? அந்தப் பணத்தில் மழைத் தண்ணீர் வடிகிற வாய்க்கால், திடலுக்கு நல்ல மண், தண்ணீர்க் குழாய் கேளுங்கள். தண்ணீர் தேங்குகிற மைதானம் மழைக்காலம் முழுக்க யாருக்கும் இல்லை.

நான்காவது: பெண்கள் எப்போது வரலாம்? திறந்த மைதானம் எல்லோருக்கும் என்று சொல்வார்கள். சொல்லிவிட்டால் போதாது. சாயங்காலம் பையன்கள் கிரிக்கெட் ஆடினால் பெண் பிள்ளைகள் ஓரமாகக்கூட நிற்க முடியாது. விடியற்காலை நடைப்பயிற்சிக்கு எத்தனை மணி, பெண் பிள்ளைகளின் கபடிக்கு எத்தனை மணி என்று நேர அட்டவணை பலகையில் எழுதி மாட்ட வேண்டும். நடைபாதையில் விளக்கு வேண்டும். கழிவறை வேண்டும். கழிவறை என்றால் நாலு சுவர் இல்லை: தண்ணீர் வர வேண்டும், உள்தாழ்ப்பாள் இருக்க வேண்டும், நாப்கின் போடத் தொட்டி இருக்க வேண்டும். வயதுக்கு வந்த பெண் பிள்ளை விளையாட்டை விட்டு விலகுவதற்குக் கழிவறை இல்லாததும் ஒரு காரணம், இது இங்கே இருக்கிற எல்லா அம்மாக்களுக்கும் தெரியும்.

ஐந்தாவது: தீனி யார் போடுவது? கரண்ட் பில் எந்தக் கணக்கில் கட்டுவார்கள்? விளக்கு ஃபியூஸ் போனால் யார் மாற்றுவது? கழிவறையைத் தினமும் சுத்தம் செய்கிறவருக்குச் சம்பளம் எவ்வளவு, எங்கிருந்து? "மகளிர் குழு பார்த்துக்கொள்ளும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஏமாந்துவிடாதீர்கள். பார்த்துக்கொள்ளலாம், கூலியோடு. கூட்டமைப்பின் பெயரில் பராமரிப்பு ஒப்பந்தம் கொடுக்கச் சொல்லுங்கள், மாசச் செலவைப் பேரேட்டில் எழுதுங்கள். சும்மா செய்கிற வேலையாக அதை வாங்கிக்கொண்டால் ஆறு மாசத்தில் நீங்களும் சலித்துப்போவீர்கள், மைதானமும் புதர் மண்டிப்போகும்.

ஆறாவது கேள்வி ரொம்பச் சின்னது: சாவி யாரிடம் இருக்கும்? பல ஊரில் நல்ல கட்டடம் வீணாவதற்குக் காரணம் பூட்டுதான். அதிகாரி வந்தால் திறக்கும், மற்ற நாள் திறக்காது. சாவி ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒன்று கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கட்டும். யார் வாங்கினார்கள், எப்போது கொடுத்தார்கள் என்று நோட்டில் எழுதலாம். உள்கடன் கணக்கையே பைசா பிசகாமல் எழுதுகிறவர்கள் நீங்கள், சாவிக் கணக்கு ஒரு பெரிய விஷயமா?

நம் ஊரில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு குழுவும் தங்கள் வாரக் கூட்டத்தில் இந்த ஆறு கேள்வியைப் பேசுங்கள். வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகளையும் கேளுங்கள், அவர்கள் என்ன விளையாட ஆசைப்படுகிறார்கள் என்று. எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டமைப்பில் ஒரே தீர்மானமாக எழுதி, கிராம சபையில் வாசித்து, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். வரைபடம் கையெழுத்தான பிறகு கேட்டால் "இனிமே மாத்த முடியாதும்மா" என்பார்கள். அது உண்மையும்கூட. காகிதத்தில் ஒரு கோட்டை அழிப்பதற்கு ரப்பர் போதும், கட்டிய சுவரை மாற்றக் கோடி ஆகும். லண்டன்காரர்களுக்கு 70 கோடி பவுண்டு ஆனது அப்படித்தான்.

திறப்பு விழாவுக்கு மந்திரி வருவார், மாலை போடுவார்கள், மேளம் கொட்டும். நல்லதுதான், வரட்டும். நாம் கேட்க வேண்டியது அந்த ஒரு நாளுக்காக இல்லை. அதற்கு மறுநாள் காலை ஐந்து மணிக்கு முழங்கால் வலியோடு ஒரு அக்கா நடக்க வருவாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு எட்டாம் வகுப்புப் பெண் கபடி ஆட வருவாள். அவர்கள் இரண்டு பேருக்கும் கதவு திறந்திருந்தால் அது நல்ல அரங்கம். அதை உறுதி செய்கிற பலம் இந்தக் கூட்டமைப்புக்கு இருக்கிறது.